பல்லின் நிழல்: எக்ஸ்ரே எடுக்கும்போது தலையை ஏன் அப்படி வைக்கச் சொல்கிறார்கள்?

பல் எக்ஸ்ரே எடுக்கும்போது காதில் விழும் வாக்கியங்கள் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். “நேரா உக்காருங்க”, “நாடியைக் கொஞ்சம் இறக்குங்க”, “நாக்கை மேல ஒட்டிக்கோங்க”, “அசையாதீங்க”. நாமும் காரணம் கேட்காமல் செய்துவிடுகிறோம். படம் சரியாக வரவில்லை என்றால் இன்னொரு தடவை எடுப்பார்கள். அதற்கும் காரணம் சொல்ல மாட்டார்கள். சொல்ல நேரம் இருக்காது, பாவம். எங்க செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பல் கிளினிக்கை எட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நைட்டி கம்பெனியில் வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில்தான் வந்து நிற்பார்கள்.

ஆனால் அந்தக் கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வடிவியல் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் படித்த முக்கோணம்தான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் டாக்டர் இல்லை. கொஞ்ச நாளாக இந்தத் துறையின் பாடப்புத்தகங்களைப் புரட்டிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகளில் சிலதைக் கோர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரே படத்தை ஃபோட்டோ மாதிரி நினைக்கக் கூடாது, அது நிழல். ஃபோட்டோவில் பொருளின் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பதிவாகிறது. எக்ஸ்ரேயில் கதிர் பொருளுக்குள் புகுந்து, எங்கே தடுக்கப்படவில்லையோ அங்கே ஃபிலிமைக் கறுப்பாக்குகிறது. பல்லின் எனாமல் நன்றாகத் தடுக்கும், அதனால் வெள்ளை. சொத்தை விழுந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கும், அதனால் அங்கே கருமை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நிழல் என்று ஆனபிறகு நிழலுக்கு உள்ள எல்லாக் கோளாறும் இதற்கும் உண்டு. நீளும், குறுகும், ஒன்றின் மேல் ஒன்று விழும், ஓரம் மங்கும்.

ஒரு பனைமரத்தை எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் அதன் நிழல் காலடியில் குட்டையாகக் கிடக்கும். சாயங்காலம் அதே மரத்தின் நிழல் பக்கத்து வயலையும் தாண்டிப் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் வரும். சூரியன் சரியாக 45 டிகிரி உயரத்தில் நிற்கும் நேரம். அப்போது மட்டும் நிழலின் நீளமும் மரத்தின் உயரமும் ஒன்று. பல் டாக்டருக்கு வேண்டியது அந்த நேரம்தான். பல்லின் நிழல் பல்லின் நீளத்துக்கே இருக்க வேண்டும்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு? ரூட் கெனால் செய்கிறவருக்கு வேரின் நுனி எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். மேல் முன்பல் ஒன்றின் மொத்த நீளம் 22, 23 மில்லிமீட்டர்தான். அதில் 2 மில்லிமீட்டர் தவறினால் ஊசி வேரைத் தாண்டி எலும்புக்குள் போய்விடும், அல்லது கெட்டுப்போன சதை உள்ளேயே மிச்சம் கிடக்கும். இப்போது வேர் நுனியை மின்சாரத்தால் கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்டன, நல்லதுதான். ஆனாலும் டாக்டர்கள் ஒரு படம் எடுத்துச் சரிபார்க்காமல் விடுவதில்லை.

சரி, ஃபிலிமைப் பல்லுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் நேராக வைத்து, நேர் எதிரே இருந்து எடுத்துவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். அங்கேதான் வாயின் அமைப்பு குறுக்கே நிற்கிறது. மேல் அண்ணம் வளைவாக இருக்கிறது. ஃபிலிமின் ஒரு ஓரம் பல்லின் நுனியைத் தொடும், மறு ஓரம் அண்ணத்தில் முட்டிச் சாய்ந்துவிடும். பல் ஒரு பக்கம், ஃபிலிம் ஒரு பக்கம் என்று விரிந்து நிற்கும்.

பெயின்டர் பயன்படுத்தும் இரட்டைக்கால் ஏணியைத் தலைகீழாகப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஏணியின் உச்சி, பல்லின் கடிக்கும் நுனி. ஒரு கால் பல், இன்னொரு கால் ஃபிலிம். ஏணி சரிந்துவிடாமல் இரண்டு காலையும் சேர்த்து ஒரு கயிறு கட்டியிருப்பார்கள் இல்லையா? அந்தக் கயிறு உச்சியிலிருந்து இரண்டு காலிலும் ஒரே தூரத்தில் கட்டப்பட்டிருக்கும். இரண்டு காலுக்கும் நட்டநடுவில் ஒரு கோடு இழுத்தால், கயிறு அதற்குச் செங்குத்தாக ஓடும். எக்ஸ்ரே கதிர் அந்தக் கயிறு ஓடும் திசையில் போனால் போதும். பல்லில் எந்தப் புள்ளி நுனியிலிருந்து எவ்வளவு தூரமோ, ஃபிலிமிலும் அதே தூரத்தில் அதன் நிழல் விழும். பனைமரக் கணக்கும் இதுவேதான். அங்கே மரத்துக்கும் தரைக்கும் இடையே 90 டிகிரி, அதில் பாதி 45.

இந்த விதியை 1907-ல் எழுதியவர் போலந்துக்காரரான ஆன்டொனி சியெஷின்ஸ்கி. பல் மருத்துவப் பேராசிரியர். இன்றைக்கு உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 1941 ஜூலை 4-ஆம் தேதி, நகரத்தைப் பிடித்த நாஜிகள் அங்கிருந்த பேராசிரியர்களைக் கூட்டமாகச் சுட்டுக் கொன்றபோது இவரும் கொல்லப்பட்டார். உலகத்தில் எங்கோ ஒரு மூலையில் தினமும் அவருடைய முக்கோணத்தை நம்பித்தான் யாரோ ஒருவர் எக்ஸ்ரே குழாயைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

இப்போது “நேரா உக்காருங்க”வுக்கு வருவோம். ஒவ்வொரு நோயாளியின் வாயிலும் கோணத்தை அளந்து பாதியாக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் சராசரியாக எந்தப் பல்லுக்கு எத்தனை டிகிரி என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். மேல் முன்பல்லுக்குக் குழாயை 40 முதல் 50 டிகிரி கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். மேல் கடைவாய்ப் பல்லுக்கு 20 முதல் 30 போதும். கீழ்க் கடைவாய்க்குக் கிட்டத்தட்ட பூஜ்யம், ஏனென்றால் அங்கே ஃபிலிம் நாக்குக்கும் பல்லுக்கும் நடுவில் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். கீழ் முன்பல்லுக்குக் கீழேயிருந்து மேல்நோக்கி 15 முதல் 25.

இந்த எண்களை மெஷினின் பக்கத்தில் உள்ள டயல் காட்டும். ஆனால் டயல் எதை வைத்து அளக்கிறது? தரையை வைத்து. உங்கள் பல்லை அதற்குத் தெரியாது. ஆகவே உங்கள் பல்வரிசை தரைக்குச் சமமாக இருந்தால்தான் டயலில் உள்ள எண்ணுக்கு அர்த்தம். மேல் பல்லுக்கு எடுக்கும்போது மூக்கின் ஓரத்திலிருந்து காதின் முன்மடல் வரை ஒரு கோடு நினைத்துக்கொண்டு, அது தரைக்கு இணையாக வரும்படி தலையை வைப்பார்கள். கீழ்ப் பல்லுக்கு வாயின் ஓரத்திலிருந்து காது வரையான கோடு. இதற்குத் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும், ஏனென்றால் வாயைத் திறந்ததும் கீழ்த்தாடை கீழே இறங்கிவிடுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் நெற்றி, மூக்கு, நாடி மூன்றும் தரைக்குச் செங்குத்து.

தலையைப் பத்து டிகிரி குனிந்து வைத்துக்கொண்டீர்கள் என்று வையுங்கள். மேல் முன்பல்லுக்கு டயலில் 45 இருக்கும், பல்லைப் பொறுத்தவரை அது 55 ஆகிவிட்டது. உச்சி வெயில் பக்கம் நகர்ந்துவிட்டது. வேர் குட்டையாகத் தெரியும். அண்ணாந்துகொண்டால் சாயங்கால வெயில். வேர் நீளமாக இழுபட்டு, சில சமயம் நுனி ஃபிலிமுக்கு வெளியே போய்விடும். ரூட் கெனால் நடுவில் நாம் நாற்காலியில் மல்லாந்து கிடக்கும்போது எடுக்கிறார்களே, அப்போது டயல் உதவாது. டாக்டரின் கண் மட்டும்தான். அனுபவம் உள்ளவர்கள் அழகாக எடுத்துவிடுகிறார்கள் என்பது தனி விஷயம்.

சியெஷின்ஸ்கியின் முறையில் ஒரு குறை உண்டு. கயிறு கணக்கு ஒரு தட்டையான பல்லுக்குத்தான் சரி. மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர். இரண்டு கன்னத்துப் பக்கம், ஒன்று அண்ணத்துப் பக்கம். ஒரே கோணத்தில் எடுத்தால் கன்னத்துப் பக்க வேர்கள் குறுகும், அண்ணத்து வேர் நீளும். போதாததற்குக் கன்ன எலும்பின் நிழல் வேறு நேராக வந்து வேர்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

அதற்கு மாற்றாக வந்ததுதான் இணை முறை. ஃபிலிமைப் பல்லோடு ஒட்ட வைக்காமல், அண்ணத்தின் நடுப்பகுதிக்குத் தள்ளிக் கொண்டுபோய், பல்லுக்கு இணையாக நிறுத்திவிடுவது. அங்கே அண்ணம் உயரமாக இருக்கும், இடம் கிடைக்கும். அமெரிக்காவில் மெக்கார்மாக் என்பவர் 1920 வாக்கில் இதை முயன்றார். 1947-ல் ஃபிட்ஸ்ஜெரால்டு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். சிக்கல் என்னவென்றால், பல்லிலிருந்து ஃபிலிம் தள்ளிப் போனால் நிழல் பெரிதாகும். சுவரிலிருந்து கையைத் தள்ளிப் பிடித்தால் கையின் நிழல் பெரிதாவதில்லையா, அது மாதிரி.

இதற்கு அவர்கள் கண்ட வழி, விளக்கையே தூரத்துக்குக் கொண்டுபோவது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஃபிலிம் பல்லுக்கு இரண்டரை சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. குழாய் பல்லிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தால் நிழல் எட்டில் ஒரு பங்கு, அதாவது பன்னிரண்டரை சதவிகிதம் பெரிதாகும். 22 மில்லிமீட்டர் பல் 25-ஐ நெருங்கிவிடும். அதே குழாயை 40 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் பெரிதாவது ஆறு சதவிகிதம்தான். நீளமான கூம்பு வைத்த மெஷின்களின் ரகசியம் இது. தூரம் இரண்டு மடங்கானால் கதிரின் வீரியம் நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும், அதனால் நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். ஆனால் கதிர் விரியாமல் நேராக வருவதால் முகத்தில் படும் பரப்பு குறைகிறது.

இந்த முறையில் கடித்துப் பிடித்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாங்கி தருவார்கள். வாய்க்கு வெளியே அதில் ஒரு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். குழாயின் வாயை அந்த வளையத்தோடு பொருத்தினால் கோணம் தானாகச் சரியாகிவிடும். தலை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, டயலைப் பார்க்கவே வேண்டாம். என்னைக் கேட்டால், தாங்கி வைத்திருக்கிற கிளினிக் நல்ல கிளினிக் என்று பாதிக்குமேல் நம்பலாம். அது விலை உயர்ந்த சமாச்சாரமும் இல்லை. ஆனாலும் பல சின்னக் கிளினிக்குகளில் இன்னும் நோயாளியின் விரலே தாங்கி. மேல் பல்லுக்குக் கட்டைவிரல், கீழ்ப் பல்லுக்கு ஆள்காட்டி விரல். விரலால் அழுத்தினால் ஃபிலிம் வளையும், வளைந்த இடத்தில் வேரும் வளைந்த மாதிரி தெரியும். இப்போதைய ஆர்.வி.ஜி. சென்சார் கெட்டியானது, வளையாது, ஆனால் வழுக்கி நகரும். நகர்ந்தால் வேர் நுனி வெட்டுப்படும், அப்புறம் மறுபடி ஒரு தடவை.

விரல் என்றதும் எட்மண்ட் கெல்ஸ் ஞாபகம் வராமல் இருக்காது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8. டிசம்பர் கடைசியில் கட்டுரை வெளியாகிறது. சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் ஊரைச் சேர்ந்த ஓட்டோ வால்க்ஹாஃப் என்ற பல் டாக்டர் தன் வாயிலேயே கண்ணாடித் தகடு ஒன்றைக் கறுப்புத் தாளில் சுற்றி வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். 25 நிமிஷம் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்திருக்கிறார். இப்போது நமக்கு ஆவது 0.1 முதல் 0.3 நொடி.

அதே வருஷம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பல் எக்ஸ்ரே எடுக்க ஆரம்பித்தவர் கெல்ஸ். அந்தக் காலத்துக் குழாய்கள் நாளுக்கு ஒரு மாதிரி வேலை செய்யும். சரியாக எரிகிறதா என்று பார்க்க, தன் கையையே குழாய்க்கும் ஒளிரும் திரைக்கும் நடுவில் நீட்டி, எலும்பு தெளிவாகத் தெரியும்வரை சரிசெய்வார். வருஷக்கணக்காக இப்படி. முதலில் விரல்கள் போயின. அப்புறம் கை, அப்புறம் புஜம். நாற்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். அப்படியிருந்தும் ஃபிலிமைக் கையால் பிடிக்காதீர்கள் என்று மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1928-ல் வலி தாங்காமல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இத்தனைக்கும் பாஸ்டனில் வில்லியம் ரோலின்ஸ் என்ற இன்னொரு பல் டாக்டர் 1901-லேயே கினிப் பன்றிகளை வைத்துச் சோதித்து, இந்தக் கதிர் உயிரைக் கொல்லும், குழாயை ஈயத்தால் மூடுங்கள் என்று எழுதியிருந்தார். ரொம்ப நாளைக்கு யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே இன்றைக்கு உள்ள சட்டம்: டாக்டரோ, உதவியாளரோ ஃபிலிமைப் பிடிக்கவே கூடாது. சின்னப் பிள்ளை அழுது அசைந்தால், கூட வந்த அப்பாவோ சித்தப்பாவோ கவசம் போட்டுக்கொண்டு பிடிக்கலாம். அவருக்கு அது வாழ்க்கையில் ஒரு தடவை, இரண்டு தடவை. உதவியாளர் பெண்ணுக்கு அது தினமும். “அந்தப் பொண்ணையே பிடிச்சுக்கச் சொல்லுங்க” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எடுக்கிறவர் ஆறடி தள்ளி, கதிர் போகும் பாதைக்குப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். நம்மை விட்டுவிட்டு அவர் மட்டும் வெளியே ஓடுகிறாரே என்று சந்தேகப்பட வேண்டாம்.

மேலும் கீழுமான கோணத்தைப் பற்றி இதுவரை பேசினோம். பக்கவாட்டுக் கோணம் தவறினால் வேறு கோளாறு. அடுத்தடுத்த இரண்டு பற்களின் நிழல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். இது ஏன் முக்கியம் என்றால், கண்ணுக்குத் தெரியாத சொத்தை இரண்டு பல்லுக்கும் இடையில்தான் ஒளிந்துகொள்ளும். அதைப் பிடிக்கவென்றே 1925-ல் ஹோவர்டு ரேப்பர் என்பவர் கடித்துப் பிடிக்கும் சிறகு வைத்த ஃபிலிமைக் கொண்டுவந்தார். சொத்தை எக்ஸ்ரேயில் தெரிய வேண்டுமானால் அந்த இடத்தின் தாதுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது கரைந்திருக்க வேண்டும். ஆரம்பச் சொத்தை ஏற்கெனவே மங்கல். அதன் மேல் பக்கத்துப் பல்லின் வெள்ளை நிழலும் விழுந்தால் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருக்கும். “எக்ஸ்ரேல ஒண்ணுமில்லை”க்கும் “எக்ஸ்ரே எடுத்த கோணத்துல ஒண்ணும் தெரியலை”க்கும் உள்ள வித்தியாசம் ஒரு பல்.

இதே பக்கவாட்டுக் கோணத்தை வேண்டுமென்றே மாற்றி எடுத்து ஒரு புதிரை அவிழ்ப்பார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். பதிமூன்று, பதினாலு வயசுப் பிள்ளைக்கு மேல் கோரைப்பல் முளைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்குள் படுத்துக் கிடப்பது தெரிகிறது. ஆனால் நிழலுக்கு ஆழம் கிடையாதே. அது மற்றப் பற்களுக்கு முன்னால் உதட்டுப் பக்கம் கிடக்கிறதா, பின்னால் அண்ணத்துப் பக்கம் கிடக்கிறதா? தவறாக எண்ணி அறுத்தால் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் தையல்.

ராஜபாளையத்திலிருந்து தென்காசிப் பக்கம் போகும் பஸ்ஸில் மேற்குப் பார்த்து ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு விடை தெரியும். ரோட்டோரப் புளியமரங்கள் பின்னால் ஓடும், தூரத்து மலை நம்மோடேயே வரும். எக்ஸ்ரே குழாய்தான் பஸ். முதல் படம் எடுத்துவிட்டு, குழாயை ஒரு பக்கமாக நகர்த்தி இரண்டாவது எடுக்கிறார்கள். ஒளிந்திருக்கும் பல்லின் நிழல், மற்றப் பற்களோடு ஒப்பிட்டால், குழாய் போன திசையிலேயே போயிருந்தால் அது மலை: தூரத்தில், அண்ணத்துப் பக்கம் இருக்கிறது. எதிர்த்திசையில் போயிருந்தால் அது புளியமரம்: உதட்டுப் பக்கம். 1910-ல் கிளார்க் எழுதிய விதி. இரண்டு சின்னப் படத்தில் தீருகிற விஷயத்துக்கு எடுத்த எடுப்பில் மூன்று பரிமாண ஸ்கேனுக்கு அனுப்பத் தேவையில்லை. சிக்கலான கேஸுக்கு ஸ்கேன் வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை.

அடுத்தது ஓ.பி.ஜி. முகத்தைச் சுற்றி மெஷின் ஓடி, இரண்டு தாடையையும் ஒரே நீளப் படமாகத் தருமே, அது. பின்லாந்துக்காரர் பாட்டேரோ 1950-களில் உருவாக்கியது. ஒரு பக்கம் குழாயும், எதிர்ப் பக்கம் சென்சாரும் தலையைச் சுற்றி வரும். பன்னிரண்டு முதல் பதினெட்டு நொடி. அந்தச் சுற்றலில், குதிரை லாட வடிவத்தில் ஒரு பட்டை மட்டும் தெளிவாகப் பதியும், அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் கலங்கிப் போகும். நம் பல்வரிசையை அந்தப் பட்டைக்குள் கொண்டுபோய் நிறுத்துவதுதான் எடுக்கிறவரின் வேலை. கடைவாயில் பட்டை அகலம், சமாளிக்கலாம். முன்பல் இருக்கும் இடத்தில் சில மில்லிமீட்டர்தான். அதனால்தான் பிளாஸ்டிக் குச்சியில் உள்ள பள்ளத்தில் சரியாகக் கடிக்கச் சொல்கிறார்கள். முன்னால் தள்ளிக் கடித்தால் முன்பற்கள் ஒல்லியாகும், பின்னால் இழுத்துக் கடித்தால் அகலமாகிக் கலங்கும். தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டால் ஒரு பக்கத் தாடை பெரிசு, மறு பக்கம் சிறிசு. நாடியை ரொம்பத் தாழ்த்தினால் பல்வரிசை அளவுக்கு மீறிச் சிரிக்கும். தூக்கினால் சிரிப்பு தட்டையாகி, சில சமயம் கவிழ்ந்தே போய்விடும்.

நாக்கை அண்ணத்தில் ஒட்டச் சொல்வது எதற்கு? நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் காற்று இருந்தால் கதிர் தடையில்லாமல் புகுந்து, மேல் பல் வேர்களுக்கு மேலே ஒரு கறுப்புப் பட்டை விழும். வேர் நுனியில் சீழ் கோர்த்திருந்தாலும் அதிலே மறைந்துவிடும். எச்சிலை ஒரு தடவை முழுங்கினால் நாக்கு தானாக மேலே ஒட்டும், அதை அப்படியே வைத்துக்கொண்டால் சரி. வாய்க்குள் ஃபிலிம் வைக்கும்போது குமட்டல் வருகிறவர்களுக்கும் சின்ன யோசனைகள் உண்டு: மூக்கால் மூச்சு விடுவது, நாக்கு நுனியில் கொஞ்சம் உப்பு, ஒரு காலைத் தூக்கி அதிலேயே கவனம் வைப்பது. முன்பல்லில் தொடங்கிக் கடைவாயைக் கடைசியில் எடுப்பதும் உதவும்.

கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்கச் சொல்வார்கள். என் சித்தி ஒருத்தி வருஷக்கணக்காகத் தையல் மெஷினில் குனிந்தே பழகியவள். அவளுக்கு ஓர் இடத்தில் எடுத்த ஓ.பி.ஜி.யில் நடுவில் வெள்ளைத் தூண் ஒன்று முன்பற்களை அப்படியே மறைத்திருந்தது. வேறொன்றும் இல்லை, கழுத்தெலும்புதான். குனிந்து நின்றால் முதுகெலும்பு குறுக்கே விழுந்து கதிரைத் தடுத்துவிடும். இன்னொரு இடத்தில் எடுத்தபோது அங்கிருந்த தம்பி, “கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு காலை ஒரு எட்டு முன்னால வைங்கம்மா” என்று சொல்லியிருக்கிறான். அப்படி நின்றால் கழுத்து தானாக நேராகும். படம் தெளிவாக வந்தது.

தோடு, ஜிமிக்கி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வது இன்னொரு வேடிக்கை. ஓ.பி.ஜி.யில் உலோகம் ஒரு தடவையோடு நிற்காது. தன் இடத்தில் ஒன்று, எதிர்ப் பக்கத்தில் கொஞ்சம் மேலே, பெரிதாகி மங்கலாக இன்னொன்று. இரண்டாவதற்குப் பெயரே பேய் நிழல். கதிர் கொஞ்சம் கீழேயிருந்து மேல்நோக்கி வருவதால் அது எப்போதும் உயரத்தில் விழும். வலது காதுத் தோடு இடது கன்ன எலும்பில் வந்து உட்காரும். திருகு துருவேறிக் கழற்ற முடியாத மூக்குத்தி போட்ட பாட்டிமார் இருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அந்த இடத்துக்கு மட்டும் சின்னப் படம் எடுத்துக்கொள்ளலாம். தாலியைப் பற்றித்தான் அதிகம் சங்கடப்படுகிறார்கள். மஞ்சள் கயிறு என்றால் பிரச்சினையே இல்லை, நூல் எக்ஸ்ரேயில் தெரியாது. கீழே தொங்கும் தங்க உருக்கள் மார்போடு கிடந்தால் படத்தின் எல்லைக்குள் வராது. தங்கச் சங்கிலியில் கோர்த்தது என்றால்தான் கழுத்தைச் சுற்றிய பகுதி விழும். இதை எடுக்கிறவர் விளக்கிச் சொன்னால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

பாக்கு, பான் மசாலா போட்டுப் போட்டு வாய் உள்ளே இறுகிப்போனவர்கள் ஒரு தனிக் கூட்டம். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒன்றரை விரல்கூட நுழையாது. அவர்களுக்குக் கடைவாயில் சென்சார் வைக்கவே வழியில்லை, ஓ.பி.ஜி.தான் கதி. வாய் திறப்பது குறைகிறது என்பதே புற்றுநோய்க்கு முந்தின கட்டமாக இருக்கலாம் என்பதால், எக்ஸ்ரே கிடக்கட்டும், முதலில் அதைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: இவ்வளவு எடுத்தால் உடம்புக்கு ஆகுமா? ஒரு சின்னப் பல் படத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 8 மைக்ரோசீவர்ட். ஓ.பி.ஜி.க்கு 5 முதல் 30. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வருஷத்துக்கு உலகச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் நம் மேல் படுகிறது. நாளுக்கு ஆறரை. அதாவது ஒரு பல் படம், ஒரு நாள் உயிரோடு இருப்பதற்குச் சமம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளத்துக் கருநாகப்பள்ளி கடற்கரைகளில் தோரியம் கலந்த மோனசைட் மணல் இருப்பதால் அங்கே இயற்கைக் கதிர் இன்னும் பல மடங்கு. கருநாகப்பள்ளி மக்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளிவந்த ஆய்வு, அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை.

அதற்காகக் கணக்கில்லாமல் எடுக்கலாம் என்று ஆகாது. 2008-ல் லட்லோ குழு அளந்த ஓர் ஒப்பீடு இருக்கிறது. வாய் முழுக்கப் பதினெட்டுப் படம். பழைய மெதுவான ஃபிலிம், வட்டக் குழாய்: 388 மைக்ரோசீவர்ட். வேகமான ஃபிலிம், அதே வட்டக் குழாய்: 171. குழாயின் வாயை ஃபிலிமின் அளவுக்குச் செவ்வகமாக அடைத்துவிட்டால்: 35. ஈய அங்கி எதுவும் இதில் இல்லை. ஃபிலிமுக்கு வெளியே வீணாகப் படும் கதிரை நிறுத்தியதற்கே ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. 2024 தொடக்கத்தில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், ஈய அங்கியும் கழுத்துக் கவசமும் இனித் தேவையில்லை என்று அறிவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதற்குப் பதில் செவ்வக அடைப்பையும் சரியான பொருத்தத்தையும் வலியுறுத்துகிறார்கள். ஓ.பி.ஜி.யில் கழுத்துக் கவசம் படத்தையே மறைத்து மறுபடி எடுக்க வைப்பதும் உண்டு. நம்ம ஊரில் போட்டுவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடக் கூடியதைத் தள்ளிப்போடுவார்கள். சீழ் வைத்து முகம் வீங்கிய பல்லைத் தள்ளிப்போடுவது எக்ஸ்ரேயை விட ஆபத்து.

இந்தியாவில் எக்ஸ்ரே மெஷின்களைக் கண்காணிப்பது 1983-ல் தொடங்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். பல் டாக்டர் கிளினிக்கில் உள்ள சின்ன மெஷினுக்கும் அதில் இணையவழிப் பதிவு வேண்டும். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோவாக அனுப்பினால் சுருங்கி விவரம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். மானிட்டரை மொபைலில் படம் பிடித்ததை வைத்துக்கொண்டு இன்னொரு டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது. மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பெரிய டாக்டரிடம் போகிறபோது அங்கே மறுபடி எடுப்பதில் பாதி, பழைய படம் கையில் இல்லாததால்தான். சி.பி.சி.டி. எனப்படும் முப்பரிமாண ஸ்கேனைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதன் கதிர் அளவு மெஷினுக்கு மெஷின், எடுக்கும் பரப்புக்குப் பரப்பு அவ்வளவு மாறுகிறது; தனியாகத்தான் எழுத வேண்டும்.